தேறாத மாடு

மலாக்காவின் காஜா பெராங் சாலையில் கள்ளுக்கடைக்கு நேர் எதிரே குடிகாரர்களைக் குணப்படுத்தும் இல்லம் ஒன்றைத் திறந்தார்கள். கள்ளுக்கடையை மூடவில்லை. கடைக்கும் இல்லத்துக்கும் அனுமதி கொடுத்தது ஒரே அலுவலகம், ஒரே மேசை, ஒரே முத்திரை. கடை வருமானத்தில்தான் இல்லம் நடக்கிறது என்றும், இல்லம் இருப்பதால்தான் கடைக்கு மரியாதை என்றும் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். ஜப்பான்காரன் ஆட்சியில் எதையும் மூடச் சொல்லமாட்டார்கள், வாயைத் தவிர.

இல்லத்தின் முழுப் பெயர் 'மகா கிழக்காசிய நல்லொழுக்க மது விடுதலைப் புதுவாழ்வு இல்லம்'. எழுதி முடிப்பதற்குள் பலகை தீர்ந்துபோனதால் 'இல்லம்' மட்டும் தனிப் பலகையில் கீழே தொங்கியது. சண்டை வந்ததும் ஊரைவிட்டு ஓடிப்போன ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் பங்களா அது. அவர் விட்டுப்போன பெரிய கூடத்தில் இப்போது குடிகாரர்கள் பாய் விரித்துப் படுத்தார்கள்.

அந்த இல்லத்துக்குத் தன் புருஷன் தம்பிராஜாவை அஞ்சலை தானேதான் கூட்டிக்கொண்டு போனாள். யாரும் பிடித்து இழுக்கவில்லை. பிற்பாடு அவள் இதை நினைக்காத நாளே கிடையாது.

தம்பிராஜா ஒற்றை மாட்டு வண்டிக்காரன். குருபோங் பக்கம் போய் மரவள்ளிக்கிழங்கு ஏற்றி மலாக்கா பாசாருக்குக் கொண்டுவருவான். லோரிகள் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்ட காலம். மாட்டு வண்டிக்கு அப்போது ராஜ மரியாதை. அவனுடைய மாட்டுக்கு மயிலை என்று பேர். திரும்பி வரும்போது மயிலை கள்ளுக்கடை வாசலில் தானாக நிற்கும். அவன் இறங்கிப் போய்க் குடித்துவிட்டு வந்து ஏறும்வரை அசைபோட்டுக்கொண்டு நிற்கும். பிறகு யாரும் ஓட்டாமலே அவனை வீடு கொண்டுவந்து சேர்க்கும். பிள்ளை இல்லாத வீடு, மயிலைதான் பிள்ளை. "நீயும் இந்த மனுசனுக்குக் கூட்டா?" என்று அஞ்சலை அதன் முதுகில் விளக்குமாற்றால் போடுவாள். அது வாலை ஆட்டும்.

தம்பிராஜா அடிக்கிற குடிகாரன் இல்லை, அழுகிற குடிகாரன். குடித்தால் செத்துப்போன அவன் ஆத்தாளைப் பற்றிச் சொல்லி அழுவான், பிறகு தூங்கிவிடுவான். அஞ்சலை அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் ஒரு நாள் பாலத்தடியில் காவல் நின்ற ஜப்பான் சிப்பாய்க்குக் குனிந்து வணங்க வேண்டியவன், போதையில் பக்கத்திலிருந்த விளக்குக் கம்பத்துக்கு இடுப்பு வளைத்து வணங்கிவிட்டான். சிப்பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. துப்பாக்கிக் கட்டையால் கொடுத்த அடியில் தம்பிராஜாவின் முன்பல் போயிற்று. அடுத்த தடவை பல்லோடு நிற்காது என்று அஞ்சலைக்குத் தெரிந்தது. மறுநாளே இல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

இல்லத்தின் தலைவர் தேவதாஸ். தும்பைப்பூ வேட்டி, கையில் பிரம்பு, சட்டைப் பையில் ஜப்பான் கொடி.

"உக்காருங்கம்மா, பயப்படாதீங்க" என்றார். "இது ஆஸ்பத்திரியும் இல்ல, ஜெயிலும் இல்ல. அன்பால நடக்குற எடம். அன்பு தப்பிச்சு ஓடிடக் கூடாதுன்னுதான் கேட்டுக்கு வெளியில பூட்டுப் போட்டிருக்கோம்."

அஞ்சலை தலையை ஆட்டினாள்.

"வெள்ளைக்காரன் காலத்துல நான் ரப்பர் தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி. தோட்டத்துக் கள்ளுக்கடையும் என் பொறுப்புதான். நம்ம ஜனங்க எப்படிக் குடிச்சு அழிஞ்சாங்கன்னு கூடவே இருந்து பாத்தவன், ஊத்திக் குடுத்தவன். இந்த அனுபவம் வேற யாருக்கு இருக்கு, சொல்லுங்க? அதனாலதான் என்னைத் தேடி வந்து இந்தப் பதவியைக் குடுத்தாங்க."

"குணமாக எத்தன நாளாகும் கிராணி ஐயா?"

"ஆரம்பத்துல மூணு மாசம் வச்சிருந்தோம். அப்புறம் ஒரு மாசமாக் கொறைச்சோம். இப்ப மூணே வாரம். மேலேருந்து ஆள் சீக்கிரம் வேணும், சீக்கிரம் வேணும்னு கேக்கக் கேக்க, நம்ம வைத்தியமும் முன்னேறிக்கிட்டே வருது."

"ஆளு யாருங்கய்யா கேக்குறது?"

தேவதாஸ் சட்டைப் பைக் கொடியைச் சரிசெய்துகொண்டார். "சமுதாயம்" என்றார்.

அஞ்சலைக்குச் சமுதாயம் என்பவர் எந்த ஊர் துவான், எந்த ஊர் துரை என்று தெரியவில்லை. நல்லவராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நோயாளிகளின் பெண்டாட்டிமார் இல்லத்துக்கு வரவேண்டும். அதற்குக் குடும்ப வகுப்பு என்று பேர். வராவிட்டால் அந்த வீட்டுக்கு அரிசிப் பங்கீடு கிடையாது. எனவே எல்லாரும் ஆர்வத்தோடு வந்தார்கள்.

முதல் ஞாயிறன்று அஞ்சலை போனபோது கிழக்கு வெளுக்கவில்லை. இல்லத்துக் கடிகாரத்தில் தோக்கியோ நேரம். தோக்கியோவில் பொழுது விடிந்துவிட்டதால் காஜா பெராங் குடிகாரர்களும் எழுந்து வரிசையில் நின்றார்கள். முதல் சிகிச்சை தோக்கியோ இருக்கும் திசை பார்த்துக் குனிந்து வணங்குவது. அந்தத் திசையில்தான் கக்கூஸ் இருந்தது. இது வெகு நாள் கழித்துத்தான் இல்லத்தை மேற்பார்வை பார்த்த ஜப்பான் காப்டன் துவானுக்குப் புரிந்ததாம். சக்கரவர்த்தியை அவமதித்ததாகக் கக்கூஸை இடித்துவிட்டு எதிர்ப்பக்கம் கட்டினார்கள். எதிர்ப்பக்கம் சமையல்கட்டு. அதைப் பற்றி எந்த விதியும் இல்லை.

பிறகு கையைக் காலை வீசும் தேகப்பயிற்சி. பிறகு உறுதிமொழி. பிறகு மருந்து. மருந்து என்பது மரவள்ளிக் கஞ்சி. நோயில்லாத ஊர் முழுவதும் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தது, மருந்தென்று தெரியாமல்.

தம்பிராஜா வரிசையில் கோணலாக நின்றான். கை நடுங்கியது. இரண்டு ராத்திரி வாந்தியெடுத்து உடம்பு வாடிப்போயிருந்தது. ஆனால் கண் தெளிந்திருந்தது. அந்தக் கண்ணை அஞ்சலை கல்யாணத்தின்போது பார்த்தது. கிராணி ஐயா நல்லா இருக்கணும் என்று மனசுக்குள் வாழ்த்தினாள்.

வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சுல்தானா. மூலைச் சாமான் கடை நாகூர் மீரானின் மனைவி. மீரான் தொழுகை தவறாத மனிதர், பீடிகூடப் பிடிக்காதவர். இல்லத்தில் ஒரு பாய் காலியாக இருக்கிறதென்று ஆள் பிடிக்கக் கிளம்பிய அன்றைக்கு, அவர் மூக்குக்கண்ணாடியைத் தவறவிட்டுக் கள்ளுக்கடை வாசலில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். பனைமரத்தடியில் நின்று பால் குடித்தாலும் கள்ளென்பார்கள் என்று பழமொழி. மீரான் பால்கூடக் குடிக்கவில்லை.

அன்று காப்டன் துவான் நாற்காலியில் அமர்ந்திருக்க, தேவதாஸ் மீரானை எழுந்து நிற்கச் சொன்னார்.

"அல்லா அறிய நான் அதைத் தொட்டதே இல்லீங்க" என்றார் மீரான்.

தேவதாஸ் வகுப்பின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? எல்லாக் குடிகாரனும் சொல்ற மொத வார்த்தை இதுதான். குடிக்கிறேன்னு ஒத்துக்கிறவனுக்குப் பாதி குணம் ஆயாச்சு. குடிக்கலன்னு சொல்றவனுக்குத்தான் நோய் முத்திப்போச்சுன்னு அர்த்தம்."

"அப்ப நெசமாவே குடிக்காதவன் என்னதாங்க சொல்லணும்?" என்றார் மீரான்.

"குடிக்கிறேன்னு சொல்லணும். அப்பத்தான் அவனைக் குடிக்காதவனா ஆக்கி அனுப்ப முடியும்."

சுல்தானா முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "எங்க மச்சான் மருந்துல சாராயம் கலந்திருக்கும்னு இருமலுக்குக்கூட மருந்து குடிக்க மாட்டாக, அஞ்சலக்கா" என்று முணுமுணுத்தாள்.

அடுத்த ஞாயிறு மீரான் ஒத்துக்கொண்டார். ஒரு வாரம் வெயிலில் நின்றதில் கறுத்துப்போயிருந்தார்.

"குடிச்சேன்" என்றார்.

"எவ்வளவு?"

மீரானுக்குக் கள்ளை எதில் அளப்பார்கள் என்று தெரியாது. கடைக்காரர் புத்தியில் தோன்றியதைச் சொன்னார். "ரெண்டு கட்டு."

"எப்படி இருக்கும்?"

"காரமா இருக்கும்."

வரிசையில் நின்ற தம்பிராஜாவுக்குப் பொறுக்கவில்லை. "புளிப்பு, பாய், புளிப்பு" என்று வாய்க்குள் சொல்லிக்கொடுத்தான். ஆனால் தேவதாஸின் கண் கலங்கிவிட்டது. ருசிகூட மறந்துபோகும் அளவுக்குக் குடித்த ஒரு மனிதனைத் தான் மீட்டுவிட்டதாகக் காப்டனுக்கு விளக்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். சுல்தானாவும் தட்டினாள். தட்டாவிட்டால் அவளையும் முத்திய நோய் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

அன்றைக்குத்தான் சோதனைக் கள்ளும் நடந்தது. அந்த இல்லத்தின் தனிச்சிறப்பே அதுதான். கள்ளை மறுக்கப் பழக வேண்டும் என்றால் யாராவது நீட்ட வேண்டுமல்லவா? யார் நீட்டினால் மறுக்க முடியாதோ அவர்தான் நீட்ட வேண்டும் என்பது தேவதாஸின் கண்டுபிடிப்பு. அன்றைக்கு அஞ்சலையைக் கூப்பிட்டு, எதிர்க்கடையிலிருந்து வந்த கள்ளை ஒரு சிரட்டையில் ஊற்றிக் கையில் கொடுத்தார்.

"சிரிச்ச முகமா நீட்டணும். 'குடிங்க, ஒடம்புக்கு நல்லது'ன்னு சொல்லணும். கண்ணுல சாடை காட்டக் கூடாது. காட்டினா அவனுக்குத்தான் கேடு."

இத்தனை வருஷமாக அந்தச் சாமானை அவள் தொட்டதில்லை. இப்போது அதை ஏந்திக்கொண்டு புருஷன் முன்னால் நின்றாள். "குடிங்க, ஒடம்புக்கு நல்லது" என்றாள். வாங்காதே, வாங்காதே என்று உள்ளே கத்தினாள்.

தம்பிராஜா அவளையும் சிரட்டையையும் மாறிமாறிப் பார்த்தான். அப்புறம் இரண்டு கையாலும் வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டான்.

காவல் நின்ற சிப்பாய் அவனை இரண்டு கன்னத்திலும் அறைந்தான். பிறகு பாறாங்கல் ஒன்றைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்கவைத்து வெயிலில் நிறுத்தினார்கள். வகுப்பு முடிந்து போகும்போது அஞ்சலை அவன் பக்கமாக நடந்தாள்.

"ஏங்க குடிச்சீங்க? நாந்தான் குடுத்தேன்னா வாங்கிடறதா?"

"நீ குடுத்ததாலதான் குடிச்சேன் புள்ள" என்றான் அவன். கல் ஆடியது. "கட்டின நாளா நீ ஒரு நா கூடக் குடுத்ததில்லையே. மனசு மாறிட்டாளேன்னு நெனச்சேன்."

அஞ்சலைக்கு அழுகை வந்தது.

"இனிமே நீ குடுத்தாக்கூடத் தொடமாட்டேன். நம்ம மயிலை மேல சத்தியம்" என்றான் அவன். அவன் குடித்துவிட்டுச் செய்த சத்தியங்கள் ஆயிரம் இருக்கும். கல்லைத் தூக்கிக்கொண்டு செய்தது இதுதான் முதல் தடவை.

தேவதாஸ் இதைக் கேட்டுவிட்டு முதுகில் தட்டினார். "அப்படித்தான்! யாரு குடுத்தாலும் வாங்காத. பெத்த தாய் குடுத்தாலும் வாங்காத. ஒண்ணு தெரிஞ்சுக்க. கள்ளு இருக்கே, அது பேசும். கடைசி நாள்ல உனக்குப் பிரியப்பட்டவங்க வாயில பூந்துக்கிட்டுப் பேசும். 'குடி, இல்லாட்டி சயாமுக்கு ஏத்திடுவாங்க'ன்னு சொல்லும். அழும். சத்தியம் பண்ணும். அதெல்லாம் கள்ளோட குரல். நீ அசரக் கூடாது."

சயாம் என்ற பேர் ஊரில் எல்லார் காதிலும் விழுந்ததுதான். ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்றும், போனவன் யாரும் காகிதம் போட்டதில்லை என்றும் சொன்னார்கள். தோட்டங்களில் பிடிக்கிறார்கள் என்றுதான் அஞ்சலை நினைத்திருந்தாள். இது நல்லொழுக்க இல்லம். இங்கே எதற்கு அந்தப் பேச்சு என்று ஒரு நிமிஷம் உறுத்தியது. பிறகு மறந்துவிட்டாள்.

அந்த வாரமே மீரானும் இன்னும் பலரும் தேறிவிட்டார்கள். நெஞ்சில் வெள்ளை ரிப்பன் குத்தி, ஒரு மாதம் தொழிற்பயிற்சி, குருபோங் பக்கத்தில் முகாம் என்று சொல்லி லோரியில் ஏற்றினார்கள்.

அடுத்த ஞாயிறு மயிலையின் முறை வந்தது.

"நோயாளி வீட்டுக்குப் போனப்புறம் அவனை மறுபடியும் கள்ளுக்கடை வாசல்ல கொண்டுபோய் நிறுத்துறது யாரு?" என்று தேவதாஸ் வகுப்பில் கேட்டார். "இந்த மாடு. அப்ப இதுவும் நோயாளிதான். குடும்பத்தோட குணப்படுத்தறதுதான் நம்ம கொள்கை."

மயிலையைக் கொண்டுவரச் சொல்லி வரிசையில் தம்பிராஜா பக்கத்தில் நிறுத்தினார்கள். எல்லாரும் தோக்கியோவைப் பார்த்துக் குனிந்தார்கள். மயிலை வாலைத் தூக்கிச் சாணி போட்டது. காப்டனின் முகம் சிவந்தது. தேவதாஸ் அவசரமாக முன்னே வந்து, நம்முடைய வேதத்தில் சாணம் மங்களப் பொருள் என்றும், மாடு தன்னிடம் உள்ளதில் உயர்ந்ததைச் சக்கரவர்த்திக்குக் காணிக்கை செலுத்துகிறது என்றும் சொன்னார். காப்டன் சாணிக்குத் தலை தாழ்த்தினார்.

பிறகு பரீட்சை. மயிலையை வண்டியில் பூட்டிக் கள்ளுக்கடையைத் தாண்டி ஓட்டவேண்டும். கடைவாசல் வந்ததும் மயிலை நின்றது. சிப்பாய் ரோத்தான் பிரம்பால் அடித்தான். தும்பைப் பிடித்து இருவர் இழுத்தார்கள். தேவதாஸ் அதன் காதுக்குள் உறுதிமொழியைச் சொன்னார். அசைபோட்டதே தவிர அசையவில்லை. தம்பிராஜா குடித்துவிட்டு வர ஆகும் நேரம் ஆனதும், யாரும் சொல்லாமலே வீட்டைப் பார்த்து நடந்தது.

"தேறவில்லை" என்று தேவதாஸ் அறிவித்தார். "இது போன்ற திருந்தாத ஜென்மத்தை எங்கேயும் அனுப்ப முடியாது. வீட்டிலேயே கிடக்கட்டும்."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அஞ்சலைக்கு மானம் போயிற்று. "அவரு தேறிட்டாரு, உனக்கு மட்டும் என்னடா வந்துச்சு?" என்று வீடு வரும்வரை மயிலையைத் திட்டிக்கொண்டு வந்தாள்.

ஏனென்றால் தம்பிராஜா உண்மையாகவே தேறிக்கொண்டிருந்தான். கை நடுக்கம் நின்றுவிட்டது. வரிசையில் நேராக நின்றான். இரண்டாவது சோதனைக் கள்ளை அவள் நீட்டியபோது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தான். முன்பல் இல்லாத சிரிப்பு. அஞ்சலைக்குப் புதுப்பெண் போல வெட்கமாக வந்தது. வீட்டுக்கு வந்தால் அவனுக்கு என்ன ஆக்கிப் போடுவது, பங்கீட்டு அரிசியில் கொஞ்சம் எடுத்துவைக்கலாமா என்றெல்லாம் கணக்குப் போட்டாள்.

இறுதிப் பரீட்சைக்கு முதல் நாள் சுல்தானா ஓடிவந்தாள். முக்காடு நழுவியதுகூடத் தெரியவில்லை.

"அஞ்சலக்கா, குருபோங்குல முகாமே இல்லக்கா. நான் நடந்து போய்ப் பாத்துட்டேன். லாலாங்கு புல்லுதான் இருக்கு. எங்க சித்தி மகன் தாவூத் இருக்கான்ல, தம்பின் ஸ்டேசன்ல தேத்தண்ணி விக்கிறவன், அவன் பாத்திருக்கான். எங்க மச்சான் சாமான் வண்டியில அடைச்சுக் கெடந்தாகளாம். நெஞ்சுல வெள்ளை ரிப்பனாம். 'கடைச் சாவி அரிசிப் பானைக்குள்ள இருக்குன்னு சுல்தானாகிட்ட சொல்லிடு'ன்னாகளாம். அதுக்குள்ள வண்டி போயிருச்சாம். சயாமுக்குக்கா."

மலாக்காவிலிருந்து தம்பினுக்குப் போன ரயில் தண்டவாளத்தை ஜப்பான்காரன் ஏற்கெனவே பிடுங்கிச் சயாமுக்கு அனுப்பியிருந்தான். தண்டவாளம் முன்னால் போயிற்று. அதைத் தோளில் சுமக்க ஆள் பின்னால் போகிறது. ஆள் தெளிவாக இருக்க வேண்டும், கை நடுங்கக் கூடாது, விடியுமுன் எழுந்து வரிசையில் நிற்கப் பழகியிருக்க வேண்டும். மூன்று மாதம் ஏன் மூன்று வாரம் ஆயிற்று என்று அஞ்சலைக்கு அப்போதுதான் விளங்கியது. சமுதாயம் யாரென்றும் விளங்கியது.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை அவளுக்குத் தெரியும். ஓநாய் ஆட்டுக்குத் தலை துவட்டி, கஞ்சி ஊற்றி, தேகப்பயிற்சி கொடுத்த கதையை அவள் கேட்டதில்லை. அந்த ஆட்டைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு போய் விட்டதே அவள்தான்.

"தேறாதவங்கள என்ன பண்றாங்க?" என்று கேட்டாள்.

"மறுபடியும் மூணு வாரம் வச்சுக்குவாக. வாயில கள்ளு வாடை இருந்தா லோரியில ஏத்த மாட்டாகளாம். அந்தக் கிராணிக்கு மானம் போயிருமாம்."

மூன்று வாரம் கிடைத்தால் போதும். அதற்குள் ஏதாவது செய்யலாம். அஞ்சலை ஒரு செம்பை எடுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கள்ளுக்கடைப் படியேறினாள்.

கடைக்காரன் சுப்பையன் வாயைப் பிளந்தான். "என்னா அஞ்சல, போன மாசம் வரைக்கும் என் கடைய மண்ணு மூடணும்னு தூத்துன. இப்ப நீயே வந்திட்ட?"

"நல்லாப் புளிச்சதா குடு அண்ணே" என்றாள் அவள். "வாடை தூக்கலா இருக்கணும்."

இறுதிப் பரீட்சையன்று காலையில் வண்டியைப் பூட்டி, மயிலையைக் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். ஆள் தேறாவிட்டால் ஒருவேளை வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள், வண்டியில் படுக்கவைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. இல்லத்து வாசலில் லோரி நின்றது. உள்ளே பந்தல், மாவிலைத் தோரணம், கொடி. மனைவிமார் கடைசியாக ஒரு வாய்க் கஞ்சி கொடுக்கலாம், அதன் பிறகு காப்டன் ஒவ்வொருவர் வாயையும் மோந்து பார்ப்பார், வாடை இல்லாதவருக்கு ரிப்பன் என்று ஏற்பாடு.

தம்பிராஜா முதல் வரிசையில் நின்றான். தலை படிய வாரியிருந்தான். அஞ்சலை செம்பின் மூடியைத் திறந்து அவன் மூக்கருகே கொண்டுபோனாள்.

"இந்தாங்க, குடிச்சிடுங்க" என்று கிசுகிசுத்தாள். "சத்தம் போடாதீங்க. ஒங்களச் சயாமுக்கு ஏத்தப் போறாங்க. மீரான் பாய் போயாச்சு. குடிங்க, வாடை வந்தா விட்டுடுவாங்க."

தம்பிராஜா அவளைப் பார்த்து மெதுவாகச் சிரித்தான்.

"இது கடைசிச் சோதனை. கிராணி ஐயா சொல்லிட்டாரு. நீ என்னா சொல்லுவேன்னும் சொல்லிட்டாரு."

"சோதனை இல்லீங்க! நெசம். மயிலை மேல சத்தியம்."

"சத்தியம் பண்ணுவேன்னும் சொன்னாரு."

அஞ்சலைக்குக் கண்ணீர் கொட்டியது. "நான் அழுவறதப் பாருங்க. இப்படி அழுவேன்னும் சொன்னாரா அந்தப் பாவி?"

"ஆமா புள்ள" என்றான் தம்பிராஜா. "ரொம்ப நல்லாச் செய்யற. போன தடவ எனக்குக் கல்லு தூக்கினதே போதும். இந்தத் தடவ உன்னத் தலை குனிய வைக்க மாட்டேன்."

அவள் அவன் தாடையைப் பிடித்து வாயில் ஊற்றப் பார்த்தாள். அவன் பல்லை இறுகக் கடித்துக்கொண்டான். பல் இல்லாத இடத்தில் நாக்கை வைத்து அடைத்தான். கள் கன்னத்தில் வழிந்து, சட்டையில் இறங்கி, தரையில் சொட்டியது. மிச்சத்தையும் அவன் நெஞ்சில் கொட்டிவிட்டு, "இவரு குடிச்சிருக்காரு! வாடை அடிக்குது! இவரு தேறல, தேறவே இல்ல!" என்று அவள் கத்தினாள்.

காப்டன் வந்தார். காலையிலேயே அவர் வாயில் சாக்கே சாராய வாடை அடித்தது; ஆனால் அவரை மோந்து பார்க்க மேலே ஆள் இல்லை. தம்பிராஜாவின் சட்டையை மோந்து முகத்தைச் சுளித்தார். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி ஊதச் சொன்னார். தம்பிராஜா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஊதினான். மரவள்ளிக் கஞ்சி வாடை மட்டும் வந்தது.

"யோஷி!" என்று மெச்சிக் காப்டன் அவன் தோளில் குத்தினார்.

பந்தல் அதிரக் கைதட்டினார்கள். தேவதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையேறினார்.

"இதுவரைக்கும் எத்தனையோ பேருக்குச் சோதனை வச்சிருக்கோம். ஆனா மேல ஊத்தியும் வாயத் தொறக்காத ஒரு வீரனை நான் பாத்ததில்ல. இது யாரால? இந்த அஞ்சலையம்மாவால! நான் சொல்லிக் குடுத்ததுக்கு மேல செஞ்சிருக்காங்க. அழுகை என்ன, சத்தியம் என்ன, கூச்சல் என்ன! வெள்ளைக்காரன் காலத்துல நம்ம ஜனங்களைக் குடிக்க வச்சுக் கொன்னாங்க. இன்னிக்கு நாம குடியை நிறுத்தி..." என்று தொடங்கியவர், எங்கே போகிறோம் என்று தெரிந்து, "வாழ்க மகா கிழக்காசியா!" என்று முடித்துக்கொண்டார். கீழே இறங்கி வந்து, "அடுத்த கூட்டத்துக்கும் நீங்களே வந்து சோதனை பண்ணிக் குடுக்கணும். அரிசிக்கு நான் ஏற்பாடு பண்றேன்" என்றார்.

அஞ்சலை அவர் முகத்தில் காறித் துப்பினாள். பரவச மிகுதி என்று அவர் காப்டனுக்கு மொழிபெயர்த்தார்.

லோரி கிளம்பியது. தம்பிராஜா யாரையும் பிடிக்காமல் நேராக நின்றான். நெஞ்சில் வெள்ளை ரிப்பன், அதைச் சுற்றிக் கள்ளின் ஈரம். இத்தனை வருஷத்தில் அவன் அப்படி ஆடாமல் நின்று அவள் பார்த்ததில்லை.

"அஞ்சல! பாத்தியா, ஒரு சொட்டுகூட உள்ள போவல!" என்று கத்தினான். "இங்கதான் குருபோங். ஒரு மாசத்துல வந்துடுவேன். மயிலைக்குத் தண்ணி காட்டு!"

லோரி குருபோங் திசையில் திரும்பவில்லை.

வெகு நேரம் கழித்து அஞ்சலை வண்டியில் ஏறினாள். ஓட்டத் தெரியாது, தும்பைச் சும்மா பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மயிலை வண்டியைத் திருப்பி, சாலையைக் கடந்து, கள்ளுக்கடை வாசலில் வந்து நின்றது.

அஞ்சலை அதை அடிக்கவில்லை. அதட்டவும் இல்லை. இந்தக் காஜா பெராங்கில் தேறாமல் போனது அந்த மாடு ஒன்றுதான். அதனால்தான் அது அவளோடு இருந்தது.

மயிலை அசைபோட்டுக்கொண்டு நின்றது. அவன் உள்ளே போய்க் குடித்துவிட்டு, ஆத்தாளை நினைத்து அழுதுவிட்டு, வந்து ஏறுவதற்கு ஆகும் நேரம் முழுவதும் நின்றது. அஞ்சலையும் கடை வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் முடிந்தது. மயிலை தலையைத் திருப்பிப் பின்னால் அவன் ஏறும் இடத்தைப் பார்த்தது. ஆனால் அன்றைக்கு அது வீட்டைப் பார்த்து நடக்கவில்லை.